தங்கச்சியை வாவிக்குக் கூட்டி வா

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. ஒவ்வொரு இரவும் எடுத்துப் படிக்கிறேன். தங்கச்சியின் அஸ்தி எட்டு மாதமாக அலமாரியில் இருக்கிறது, அதில் ஒரு கரண்டி எடுத்துக் கண்ணாடி மணி செய்து கழுத்தில் போடுவேன் என்று மகள் நிற்கிறாள், இது பாவமில்லையா என்று கேட்டிருக்கிறாய்.

எனக்குப் பாவமாகப் படவில்லை மச்சான். 2004 டிசம்பர் 26 அன்று நாவலடியில் அக்காவைக் கடல் கொண்டு போனது உனக்குத் தெரியும். உடலே கிடைக்கவில்லை. காடாற்றவும் இல்லை, கரைக்க ஒரு பிடி சாம்பலும் இல்லை. அதற்கு முதல் வாரம் எங்கள் வீட்டில் மறந்து விட்டுப் போன சீப்பு ஒன்றுதான் மிஞ்சியது. அத்தான் அதை இன்றைக்கும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். பல்லிடுக்கில் இரண்டு முடி இருக்கிறது, அதனால் அதைக் கழுவ விடமாட்டார். தாயைக் கழுத்தில் வைத்திருக்க ஆசைப்படும் பிள்ளையை நான் எப்படி மறிப்பேன்?

வைரம் செய்வதைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதற்கு அவசரப்படாதே. உடலில் உள்ள காபனில் பெரும்பகுதி தகனத்திலேயே புகையாகப் போய்விடும். மிஞ்சுவது பெரும்பாலும் எலும்பின் கல்சியம் பொஸ்பேற். அதில் ஒட்டியிருக்கும் கொஞ்சக் காபனைப் பிரித்து, கிராஃபைட் ஆக்கி, பெரும் அழுத்தத்திலும் சூட்டிலும் வைத்துத்தான் வைரம் எடுக்கிறார்கள். செலவும் பெரிது. கண்ணாடி மணி என்றால் அந்தச் சாம்பலே உள்ளே வெள்ளைப் புகைபோல் நிற்கும், கண்ணால் பார்க்கலாம். மகள் சரியாகத்தான் யோசித்திருக்கிறாள்.

சாம்பலைப் போட்டு மரம் நடும் யோசனையில் மட்டும் கவனமாக இரு. அப்பாவின் சாம்பலில் கொஞ்சத்தை நான் வளவில் நின்ற ஒட்டுமாங்கன்றின் அடியில் அப்படியே கொட்டினேன். இரண்டு கிழமையில் இலை ஓரமெல்லாம் கருகி, கன்று பட்டுப்போனது. அப்பாவை இரண்டாம் தரம் இழந்தது போல் இருந்தது. பிறகுதான் விவசாயப் போதனாசிரியர் விளக்கினார்: இந்தச் சாம்பலில் உப்பு அதிகம், காரமும் கடுமையானது, வேர் தாங்காது. அடுத்த கன்றுக்கு மிச்சத்தில் ஒரு பிடியை மட்டும் ஒரு பெரிய கூடை மண்ணோடும் மக்கிய பசளையோடும் கலந்து, சில மாதம் ஆறவிட்டுப் போட்டேன். அது இப்போது கூரைக்கு மேலே நிற்கிறது. காலையில் அதன் கீழ்தான் தேத்தண்ணி குடிக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தபோது பிள்ளைகளுக்கு நான் விரும்பிச் சொன்ன கதை ஒன்று உண்டு. 1930 இல் புளூட்டோவைக் கண்டுபிடித்த கிளைட் டொம்போவின் சாம்பலில் கொஞ்சத்தை நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தில் வைத்து 2006 இல் அனுப்பினார்கள். 2015 ஜூலையில் அது புளூட்டோவைத் தாண்டிப் போனது. அந்த மனுசன் ஆயுள் முழுக்க எதைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ அங்கேயே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

அதனால்தான் கேட்கிறேன், தங்கச்சிக்கு எது பிடிக்கும்? உங்கள் கலியாணம் முடிந்த புதிதில், ஒரு பூரணை இரவு, மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் வள்ளத்தில் இருந்தோமே. தண்ணீருக்கடியில் இருந்து வரும் பாடும் மீனின் சத்தத்தைக் கேட்க வேண்டுமென்று துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்துக்கொண்டு, நம் இருவரையும் பேசவிடாமல் கையைக் காட்டினாள். கேட்கிறது, கேட்கிறது என்று அவள் மெதுவாகச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. உனக்கும் இருக்கும். அந்த இடத்தை விட்டு அவளை வேறு எங்கே கொண்டுபோகப் போகிறாய்?

மகளுக்கு வேண்டியதை எடுத்துக்கொடு. ஒரு பிடியை மரத்துக்கென்று வை. மீதியை இங்கே கொண்டு வா. பெரியவர்களின் சாம்பல் இரண்டு மூன்று கிலோ வரை வரும், கையிலேயே கொண்டு வரலாம். ஆனால் உலோகச் செம்பில் வேண்டாம், விமான நிலையத்தில் எக்ஸ்ரே அதை ஊடுருவாது. மரப்பெட்டியில் வைத்து, தகனச் சான்றிதழையும் கூடவே எடுத்துக்கொள்.

ஆடி அமாவாசைக்கு வந்தால் இங்கே மாமாங்கக் கோயில் குளத்தில் தீர்த்தமாடிப் பிதிர்க்கடனையும் முடிக்கலாம். கடலில்தான் ஆட வேண்டுமென்றால் திருக்கோவில் ஊருக்குப் போவோம், நானும் வருகிறேன். ஆனால் வாவிக்குப் பூரணை இரவு வேண்டும். அதனால் இரண்டு கிழமையாவது நிற்கிற மாதிரி டிக்கெட் போடு. மகளையும் கூட்டி வா, துடுப்பில் காது வைத்துக் கேட்க அவளுக்கும் காட்ட வேண்டும். தேதியை எழுதினால் வள்ளக்காரத் தம்பியிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்