ஆற்றுக்கு இக்கரையில் ஒரு வாக்கு

ஆசிரியருக்கு,

அமெரிக்க அதிபரை, மக்களின் மொத்த வாக்கு எண்ணிக்கை அல்லாமல், மாநிலவாரியாக ஒதுக்கப்பட்ட பிரதிநிதிகள் கொண்ட தேர்வாளர் குழு தேர்ந்தெடுப்பது சிறிய மாநிலங்களுக்குப் பாதுகாப்பு என்கிறது தங்கள் தலையங்கம். ஏற்க இயலவில்லை. 2016இல் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுவதும் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். இம்முறையால் பலன் பெறுபவை, எந்தக் கட்சியும் வெல்லக்கூடிய இழுபறி மாநிலங்களே. சிறிய மாநிலமான வயோமிங்குக்கு எந்த வேட்பாளர் பிரசாரத்துக்குப் போகிறார்? நியூஜெர்சி வாக்காளரான என் வீட்டுக் கதவை அதிபர் தேர்தலுக்காக ஒருவரும் தட்டியதில்லை. டெலவேர் ஆற்றுக்கு அப்பால், இழுபறி மாநிலமான பென்சில்வேனியாவில் உள்ள என் தங்கை வீட்டிலோ தேர்தல் நேரத்தில் அழைப்பு மணி ஓய்வதே இல்லை.

நாடு முழுவதும் அதிக வாக்கு பெறுபவருக்கே மாநிலங்கள் தம் தேர்வாளர்களை அளிக்கும் உடன்படிக்கையில் நியூஜெர்சி 2008இலேயே இணைந்துவிட்டது. இணையும் மாநிலங்களின் தேர்வாளர் எண்ணிக்கை, வெற்றிக்குத் தேவையான 270ஐ எட்டினால்தான் அது நடைமுறைக்கு வரும். பென்சில்வேனியா சட்டமன்றமும் அதில் சேர முன்வர வேண்டும்.

– ஒரு வாசகர், நியூஜெர்சி