ஆந்தூரியத்தின் இலைப்புள்ளி பற்றி மகளுக்கு

ஏற்காடு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் தொட்டியில் வளரும் அழகுச் செடியான ஆந்தூரியத்தின் கீழ் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் நன்றாகவே தெரிகின்றன. நம் காப்பித் தோட்டத்தில் தெளிப்பது போல மயில்துத்தம் என்னும் தாமிர உப்பு கலந்த மருந்தை அடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். அதை மட்டும் செய்யாதே, கண்ணு. காப்பி இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடியாகப் படியும் துரு நோய்க்காக, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த போர்டோ கலவையை மழைக்கு முன்பே இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிப்பது சேர்வராயன் மலையில் வழக்கம்தான். காப்பிச் செடி தாமிரத்தைத் தாங்கும், ஆந்தூரியம் தாங்காது. தெளித்தால் நல்ல இலையும் கருகிவிடும்.

மருந்தைப் பற்றி யோசிக்கும் முன், காலை வெளிச்சத்தில் தொட்டியைச் சன்னலருகே வைத்து, புள்ளி விழுந்த ஓர் இலையைப் பறிக்காமல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார். புள்ளி உலர்ந்து, நடுவே வெளிறி, வளையம் வளையமாக விரிந்திருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சாணம்; பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்த வளையங்களில் ஊசிமுனை அளவு கரும்புள்ளிகளும் தென்படலாம். அப்படியன்றி, இலையின் விளிம்பில் தொடங்கி, சுற்றிலும் மஞ்சள் படர்ந்து, எண்ணெய் பட்ட காகிதம் போல வெளிச்சம் ஊடுருவினால், அதைச் சாந்தோமோனாஸ் என்னும் பாக்டீரியா உண்டாக்கும் கருகல் என்றே சந்தேகிக்க வேண்டும். ஈரம் மிகுந்த இரவுகளில் இலை விளிம்பின் நுண்துளைகளில் நீர் துளிர்த்து நிற்கும். அந்தத் துளைகள் வழியாகத்தான் அது உள்ளே நுழைகிறது. 1980களில் ஹவாய்த் தீவின் ஆந்தூரியப் பண்ணைகளைப் பெரிதும் நாசமாக்கிய நோய் இது. தண்டுக்குள் இறங்கிய பிறகு குணப்படுத்த வழியில்லை. மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு செடியை மண்ணோடு பையில் கட்டி எறிந்துவிட்டு, தொட்டியையும் கத்தரிக்கோலையும் நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

நோயே இல்லாமலும் இலை கெடுவதுண்டு. வெயில் நேராக விழும் பக்கத்தில் மட்டும் வெளுத்த திட்டு இருந்தால் அது வெயில் சூடு. நுனி மட்டும் கருகி, மண்ணின் மேல் வெண்மையாக உப்புப் படிந்திருந்தால், உங்கள் குடியிருப்பின் போர் தண்ணீரோ மிகையாகப் போட்ட உரமோ காரணமாக இருக்கலாம்.

படத்தில் ஒரு புள்ளியில் வளையம் தெரிவதால், உன் செடிக்கு வந்திருப்பது பூஞ்சாணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. தொட்டியை மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வை. பாதிக்கு மேல் கெட்ட இலைகளை மட்டும் காம்போடு வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடை. ஒன்றிரண்டு புள்ளி உள்ள இலைகளை விட்டுவிடு, ஏனெனில் செடி பிழைப்பது மிச்சமுள்ள பச்சையை வைத்துத்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தண்ணீர். நீ தினமும் மாலையில் இலைமேல் நீர் தெளிப்பதாக மாப்பிள்ளை சொன்னார். பூஞ்சாண வித்து முளைப்பதற்கு இலை சில மணி நேரம் நனைந்திருக்க வேண்டும். மாலையில் தெளித்த நீர் இரவெல்லாம் காயாமல் நின்று அதற்கு இடம் கொடுக்கிறது. இனிமேல் காலையில் அடிமண்ணுக்கு மட்டும் ஊற்று. வேர் காற்றைத் தேடும் செடி இது. வெறும் செம்மண்ணில் நட்டிருந்தால், தேங்காய் மட்டைத் துண்டும் கரித்துண்டும் உடைந்த செங்கல்லும் கலந்து மாற்றி நடு.

இவ்வளவும் செய்த பிறகும் புதிய இலையில் புள்ளி வந்தால், மான்கோசெப் என்னும் பூஞ்சாண மருந்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, பால்கனியில் வைத்து, கையுறையும் முகக்கவசமும் அணிந்து தெளி. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு முறை போதும். குழந்தை அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்.

ஏற்கெனவே விழுந்த புள்ளி எந்த மருந்துக்கும் மறையாது. அதனால் பழைய இலையைப் பார்த்துக் கவலைப்படாமல், அடுத்து விரியும் இலையின் இரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா