200 எம்பிபிஎஸ் இருந்தும் கேம் ஏன் திக்குகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டு இணையத் திட்டங்களை ஒப்பிட்டு உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாதக் கட்டணம், வேகம், எந்த ஓடிடி இலவசம் என்று எல்லாம் இருந்தது. பிங், அதாவது நாம் அனுப்பும் டேட்டா சர்வருக்குப் போய்த் திரும்பி வர ஆகும் நேரம் பற்றி ஒரு வரிகூட இல்லை. சேலம் அம்மாபேட்டையில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் கல்லூரிப் பையன்களின் புலம்பலே அதைப் பற்றித்தான்.

"அண்ணா, கேம் லேக் ஆகுது, ரேம் போட்டா சரியாயிடுமா?" என்பான் பையன். பக்கத்தில் நிற்கும் அப்பா பர்ஸைத் தடவிப் பார்ப்பார். ரேம் விற்றால் எனக்கு லாபம்தான். ஆனாலும் முதலில் ஒன்று கேட்பேன். மவுஸைத் திருப்பும்போது மொத்தத் திரையும் விட்டுவிட்டு நகர்கிறதா, இல்லை திரை வழுக்கிக்கொண்டு திரும்ப, எதிராளி மட்டும் இங்கிருந்து அங்கே தாவுகிறானா? முதலாவது என்றால் கணினியைக் கழற்றிப் பார்க்கலாம். இரண்டாவது நெட் கோளாறு. அதற்கு ரேம் போட்டால் காசுக்குத்தான் கேடு.

நெட் கோளாறு என்றதும் 100 எம்பிபிஎஸ் பேக்கை 200 ஆக்கிவிடுகிறார்கள். ஷூட்டிங் கேம் ஆடும்போது போய்வரும் டேட்டா பெரும்பாலும் ஒரு எம்பிபிஎஸ்ஸைக்கூடத் தாண்டாது. தேவை, போன டேட்டா சீக்கிரம் திரும்பி வருவது. வாலரண்ட் என்ற ஷூட்டிங் கேமுக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2 என்ற கேமுக்குச் சென்னையிலும் உண்டு. ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சேலத்திலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். போய்வர 10 மில்லிசெகண்ட் போதும். கேபிள் சுற்றிச் சுற்றிப் போவதால் 30, 40 வந்தால் நியாயம். 150 வந்தால் வழியில் எங்கேயோ சிக்கல்.

அந்தச் சிக்கல் பல சமயம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வீடு. ஃபைபர் மாட்ட வந்தவர் வயர் மிச்சம் என்று வாசல் பக்க ஹாலில், இரும்பு பீரோவுக்குப் பின்னாலேயே ரௌட்டரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பையனின் கணினி மாடியில், வைஃபையில் ஓடுகிறது. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ரௌட்டரின் முகவரிக்கு, அதாவது 192.168.1.1-க்கு, பிங் ஓடவிட்டேன். 2, 3, 2 மில்லிசெகண்ட், திடீரென்று 180, அப்புறம் 'ரெக்வெஸ்ட் டைம்டு அவுட்', அதாவது பதிலே வரவில்லை. மும்பை வரை போக வேண்டாம், மாடிப்படி இறங்குவதற்குள்ளேயே டேட்டா தொலைகிறது! அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு ரௌட்டர், வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். ஜன்னல் வழியாகப் பைப்பை ஒட்டி ஒரு கேட்6 லேன் வயர் இழுத்து மாட்டியதும் எல்லா வரியும் ஒரு மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. வயர் இழுக்கவே முடியாத வீடுகளில் ரௌட்டரை வெட்டவெளியாக வைத்து 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றினாலே பெரும்பாலும் தொல்லை குறையும்.

ஆனாலும் ராத்திரி மட்டும் லேக் அடிக்கிறது என்று மறுபடியும் போன் வந்தது. பார்த்தால், அம்மா போனைச் சார்ஜில் போட்டதும் கல்யாண வீடியோ எல்லாம் கிளவுடில் ஏற ஆரம்பிக்கிறது. ரேஷன் கடையில் பத்துக் கார்டோடு ஒருவர் முன்னால் நின்றால், ஒரு கிலோ சர்க்கரைக்கு வந்தவனும் காத்திருக்க வேண்டியதுதானே? ரௌட்டர் வரிசையில் கேம் டேட்டாவுக்கு அந்த நிலைமைதான். அதன் செட்டிங்ஸில் அந்தப் போனின் அப்லோடு வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்தேன். பிங் 400-லிருந்து பழைய நிலைக்கு வந்தது. விண்டோஸ் அப்டேட்டில் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்று ஒன்று உண்டு. செட்டிங்ஸைப் பொறுத்து, இறக்கிய அப்டேட்டை மற்ற கணினிகளுக்கும் நம் நெட்டிலிருந்து அனுப்பிவைக்கக்கூடும். அதையும் அணைத்துவிடலாம். பிங்கைக் குறைக்கும் என்று விற்கும் 'கேம் பூஸ்டர்' சாஃப்ட்வேர்களுக்குக் காசு கொடுப்பதை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ரௌட்டர் வரை சுத்தமாக இருந்து, அதற்கு வெளியே பிங் ஏறினால்தான் கம்பெனியைக் கேட்க வேண்டும். கேட்டால் என்ன நடக்கிறது? ஸ்பீடு டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். அந்த டெஸ்ட் சர்வர் பெரும்பாலும் அவர்கள் நெட்வொர்க்கிலேயோ பக்கத்திலேயோ இருக்கும். "200 வருது சார்" என்று புகாரை முடித்துவிடுவார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் வெளியிட்ட சேவைத் தர விதிகளில் லேட்டன்சிக்கும் (டேட்டா போய்வரும் தாமதம்) பாக்கெட் இழப்புக்கும் (வழியில் தொலையும் டேட்டா) வரம்பு இருக்கிறது. அதனால் புகார் செய்பவர்கள் வேகத்தைப் பேசாமல், லேன் வயரில் ராத்திரி நேரத்தில் ஓடவிட்ட பிங், டேட்டா போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் இரண்டின் ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பி, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

விளையாட்டுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு வக்காலத்தா என்று சில வாசகர்கள் நினைக்கலாம். வீடியோ காலில் வேலைக்கான இன்டர்வியூ கொடுப்பவர்களுக்கும் குரல் விட்டுவிட்டுக் கேட்பது பல சமயம் இதே கோளாறினால்தான். அடுத்த முறை திட்டங்களை ஒப்பிடும்போது, இரவு 9 மணிக்கு மும்பைக்கு எவ்வளவு பிங் என்று ஒரு கட்டம் சேர்த்துப் போடுங்கள். உங்கள் நிருபர்கள் அவரவர் வீட்டிலிருந்தே பார்த்துச் சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் வாசகர்,
அம்மாபேட்டை, சேலம்.