"கொஞ்சம் காற்றுதான்"

ஆசிரியருக்கு,

பிரிட்டனில் வீசும் புயல்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 2022 பிப்ரவரி 18 அன்று யூனிஸ் புயலின்போது இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவின் நீடில்ஸ் முனையில் காற்று மணிக்கு 122 மைல் வேகத்தைத் தொட்டது. லண்டனுக்கே சிவப்பு எச்சரிக்கை. மக்களோ, ஹீத்ரோவில் விமானங்கள் தள்ளாடி இறங்குவதை நேரலையில் ரசித்துக்கொண்டிருந்தார்கள்! என் பக்கத்து வீட்டுப் பெரியவர் விழுந்து கிடந்த வேலியைப் பார்த்து, "கொஞ்சம் காற்றுதான்" என்றார். அப்புறம் தேநீர் போடப் போய்விட்டார்.

ரசிக்கலாம், சரி. ஆனால் 1987 அக்டோபர் புயலில் சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. 18 பேர் இறந்தார்கள். 2015 முதல் புயல்களுக்குப் பெயர் வைப்பதே எச்சரிக்கை காதில் ஏறட்டும் என்றுதான். எச்சரிக்கை வந்த அன்றைக்காவது நாயைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகாமல் இருக்கலாமே!

- ஒரு வாசகர், லண்டன்