உன் ஊர்க் கரியும் நம் ஊர்க் கரியும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வந்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், கோபத்திலேயே இரண்டு பக்கம் போய்விட்டது, கிழித்துப் போட்டுவிட்டேன். அம்மா நன்றாக இருக்கிறார், முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. சின்னவளுக்குச் சிதம்பரத்தில் அக்ரி சீட் கிடைத்துவிட்டது. வடலூர் வீட்டுக்கு மாடி போட்டாயிற்று, நீ வந்தால் தங்க ஒரு தனி அறை இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "ஜெர்மனி இன்றைக்கு உலகப் புகையில் இரண்டு சதவீதம்கூட இல்லை, உங்க நாடு மூன்றாவது இடத்தில் இருக்கிறது, முதலில் நீங்கள் நிலக்கரியை நிறுத்துங்கள்" என்று எழுதியிருந்தாய். 'உங்க நாடு' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். நீயும் நானும் நெய்வேலியில் ஒரே சங்குச் சத்தத்துக்கு எழுந்து பள்ளிக்கூடம் போனவர்கள்டா. உன் அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து சட்டையை உதறும்போது வாசல்படியில் விழுமே பழுப்புத் தூள், அந்தக் கரிதான் உன்னை இன்ஜினியரிங் படிக்க வைத்து ஜெர்மனியில் கொலோனுக்கு விமானம் ஏற்றியது. என்னையும் அதுதான் படிக்க வைத்தது.

நீ சொன்ன கணக்கு சரிதான், ஆனால் பாதிக் கணக்கு. தூசி என்றால் ஒரு மழையில் அடங்கிவிடும். கார்பன் டை ஆக்சைடு ஒருமுறை மேலே போனால் அதில் கணிசமான பங்கு நூற்றாண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியில் 1900 வாக்கில் எஃகு உருக்க எரித்த கரியின் புகையில் ஒரு பங்கு இன்றைக்கும் நம் தலைக்கு மேல்தான் இருக்கிறது. தொழிற்புரட்சி தொடங்கி இதுவரை எரித்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அமெரிக்கா மட்டும் ஏறக்குறைய கால் பங்கு. ஜெர்மனி 5 சதவீதத்துக்கு மேல். இந்தியா 3 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. எட்டுக் கோடிச் சொச்சம் பேர் இருக்கிற நாடு, 140 கோடிப் பேர் இருக்கிற நாட்டைவிட அதிகமாக எரித்திருக்கிறது. பழைய கதையை விட்டு இப்போதைய கணக்கையே தலைக்கு வகுத்தாலும் ஜெர்மனியில் ஆளுக்கு வருடம் ஏழு டன் அளவில் வருகிறது, இங்கே இரண்டு டன் அளவில். பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் சமம் இல்லை என்று 1992-ல் ரியோவில் நடந்த ஐ.நா. மாநாட்டில் எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டதே இதனால்தான். அதற்கு ஐந்து வருடம் கழித்து, வளரும் நாடுகளும் குறைக்க ஒப்புக்கொள்ளாத எந்த ஒப்பந்தத்திலும் சேரக் கூடாது என்று அமெரிக்க செனட் 95-க்கு 0 என்று தீர்மானம் போட்டது. பணக்கார நாடுகள் புகையைக் குறைக்க வேண்டும் என்ற கியோட்டோ ஒப்பந்தம் அங்கேயே பாதி செத்துவிட்டது.

போன முறை வந்தபோது எனக்கு ஒரு டி-ஷர்ட் கொண்டுவந்தாயே, கொலோனில் வாங்கியது என்று. துவைக்கும்போதுதான் கழுத்துப் பட்டையில் பார்த்தேன், 'மேட் இன் இந்தியா'. பெரும்பாலும் திருப்பூர்ச் சரக்காகத்தான் இருக்கும். நூற்பாலையில் ஓடிய கரண்டு, சாயப் பட்டறையில் தண்ணீர் கொதித்த சூடு, துறைமுகம் வரைக்கும் லாரி குடித்த டீசல், எல்லாம் இந்தியாவின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. அங்கிருந்து கப்பல் விட்ட புகை எந்த நாட்டுக் கணக்கிலும் சேராது, தனியாக எழுதி வைத்துவிடுகிறார்கள். போட்டுக்கொள்கிறவன் உன் ஊர்க்காரன். இதை யார் பங்கில் எழுதுவது, நீயே சொல்.

உங்கள் ஊர் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1990-ல் விட்டதில் ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிட்டார்கள், அது பெரிய வேலை. உங்கள் பக்கத்துக் கார்ஸ்வைலர் நிலக்கரிச் சுரங்கத்து ஓரத்தில் நின்று நீ எடுத்து அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதே பக்கெட் வீல், வாளிகள் பொருத்திய ராட்சதச் சக்கரத்தால் மண்ணை அள்ளும் இயந்திரம். நம் முதல் சுரங்கத்திலும் ஜெர்மன் நுட்பம்தானே வந்தது, லீவு நாளில் போய் வேடிக்கை பார்ப்போமே. அந்தச் சுரங்கத்துக்காக இம்மெராத் ஊர் தேவாலயத்தை 2018-ல் இடித்தார்கள் என்று சொன்னபோது உன் குரல் உடைந்துபோயிருந்தது. அப்புறம் 2023 ஜனவரியில் லுட்செராத் கிராமத்தையும் காலி செய்தார்கள். அதே வருடம் ஜூலையில் இங்கே வளையமாதேவியில் சுரங்க வாய்க்காலுக்காகக் கதிர் வருகிற பருவத்து நெல் வயலுக்குள் பொக்லைன் இறங்கியதே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு ராத்திரி நீதான் எனக்கு முதலில் போன் செய்தாய்.

என் மனசில் குடைகிறது வேறொன்று. நிலக்கரியிலிருந்து வெளியே வருவதற்காக உங்கள் அரசு கரிச் சுரங்கப் பகுதிகளுக்கு 40 பில்லியன் யூரோ வரை தருவதாக 2020-ல் சட்டமே போட்டது. 2038 வரைக்கும், சொந்த ஊர்க்காரர்களுக்கு. அடுத்த வருடமே ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் சேர்ந்து, நிலக்கரியை நம்பியே வாழும் தென்னாப்பிரிக்காவுக்கு அறிவித்தது 8.5 பில்லியன் டாலர். அதிலும் பெரும்பகுதி கடன். கரியை மூடு என்று சொல்வதற்கு என்ன செலவாகும் என்று தெரிந்த நாடுதான் ஜெர்மனி. தெரிந்துகொண்டே அடுத்தவனுக்கு இவ்வளவு போதும் என்கிறது.

ஆனால் இதை எழுதும்போதே எனக்கு உறுத்துகிறது சேகர். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் ஊர் இப்போது சுரங்கத்துக்குள் இருக்கிறது. கணவர் காண்ட்ராக்ட் தொழிலாளி, பதினெட்டு வருடமாக. அவர்கள் வீட்டு மின் அட்டையைப் போன வாரம் பார்த்தேன், இரண்டு மாதத்துக்கு 84 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைக்கூட அவர்கள் தாண்டவில்லை. என் வீட்டில் மே, ஜூனில் 1,100. இந்தியாவுக்கு ஆளுக்கு இரண்டு டன் என்று நான் உன்னிடம் மார்தட்டுகிறேனே, அந்தச் சராசரி குறைவாக இருப்பது அந்த அக்காவால். இரண்டு ஏசி போட்டிருக்கிற நான் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசுகிறேன். 2024-ல் பாக்குவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், வளரும் நாடுகளுக்கு 2035 வாக்கில் வருடத்துக்கு 300 பில்லியன் டாலர் என்று பணக்கார நாடுகள் முடித்துக்கொண்டபோது நம் பிரதிநிதி எழுந்து எதிர்த்தார், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டிய பாக்கிதான் அது, விடக் கூடாது. ஆனால் அது அந்த அக்கா பெயரில் கேட்கப்படுகிற பணம். நாளைக்கே சுரங்கம் மூடினால் நிரந்தரத் தொழிலாளிக்கு ஏதோ கிடைக்கும், அவர் கணவருக்கு என்ன கிடைக்கும் என்று இங்கே யாரும் ஒரு காகிதத்தில்கூட எழுதித் தரவில்லை. ஜெர்மனியிடம் நியாயம் கேட்கிற வாயால் டெல்லியிடமும் சென்னையிடமும் இதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் சங்கக் கூட்டத்தில் போன ஞாயிறு பேசினேன். இரண்டு பேர் தவிர மற்றவர்கள் போனஸ் பற்றிப் பேசப் போய்விட்டார்கள். அடுத்த மாதமும் பேசுவேன்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். அந்த 40 பில்லியனில் ரைன் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளிக்கு என்னென்ன கிடைத்தது, எத்தனை வயதில் ஓய்வு, என்ன பயிற்சி, காண்ட்ராக்ட் ஆட்களுக்கு என்ன என்று விசாரித்துத் தமிழில் எழுதி அனுப்பு. கூட்டத்தில் படித்துக் காட்டுகிறேன்.

தைப்பூசத்துக்குக் கட்டாயம் வா. ஜோதி பார்த்துவிட்டு அந்த அக்கா வீட்டுக்கும் ஒரு நடை போய் வருவோம், உன்னை அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. வரும்போது அம்மாவுக்கு அந்த மூட்டு வலிக் களிம்பு மட்டும் இரண்டு ட்யூப்.

அன்புடன்,
பாலு