டார்க்கை மட்டும் வைத்து மலையேற முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வெளிவரும் கார் மதிப்பீடுகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். 'டார்க் இழுவைக்கு, குதிரைத்திறன் வேகத்துக்கு' என்ற வாசகம் அவற்றில் ஏதாவது ஒரு வடிவில் திரும்பத் திரும்ப வருகிறது. (டார்க் என்பது இன்ஜினின் சுழற்றும் விசை; அதை நியூட்டன் மீட்டரில் அளக்கிறார்கள்.) அண்மையில் வெளியான ஒப்பீடு ஒன்று இதற்கும் ஒரு படி மேலே போய், டீசல் காரின் டார்க் 250 நியூட்டன் மீட்டர் என்றும், பெட்ரோல் காரின் டார்க் அதில் பாதிதான் என்றும், ஆகவே மலைச்சாலையில் பின்னது முன்னதன் பக்கத்தில்கூட வர முடியாது என்றும் தீர்ப்பு எழுதியிருந்தது. வாகனப் பொறியியலைக் கற்பித்தவன் என்ற முறையில், அந்தத் தீர்ப்பு எங்கே சறுக்குகிறது என்பதைச் சொல்லி, ஒரு வேண்டுகோளையும் முன்வைக்க விரும்புகிறேன்.

இன்ஜினுக்குள் நடப்பதைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் நீங்கிவிடும். காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை அழுத்தப்பட்டு எரியும்போது எழும் வாயு அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அந்த அழுத்தம் உச்சத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ என்று வைத்துக்கொண்டால், 75 மில்லிமீட்டர் விட்டமே உள்ள ஒரு சிறிய பிஸ்டனின் தலையில் அந்தக் கணத்தில் இரண்டு டன்னுக்கு மேல் சுமை இறங்குகிறது. ஆனால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது, அதைக் கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடும், அந்தத் தண்டின் வளைந்த கையான கிராங்க்கும் ஒரே நேர்கோட்டில் நிற்பதால், எத்தனை டன் இறங்கினாலும் கிராங்க் ஷாஃப்ட் அசையாது. உச்சியைத் தாண்டிச் சற்றுத் திரும்பிய பிறகுதான் தள்ளும் விசை சுழற்றும் விசையாக மாறத் தொடங்கும். எரிவதற்கும் நேரம் பிடிக்கும் என்பதால், உச்சியைக் கடந்து ஏறக்குறைய 10 முதல் 15 பாகைக்குள் அழுத்தம் முழுமை பெறும்படி, பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே தீப்பொறியைக் கொடுத்துவிடுகிறார்கள். பிஸ்டன் ஒருமுறை மேலோ கீழோ போவது ஒரு ஸ்ட்ரோக். நான்கு ஸ்ட்ரோக்குகளில் வேலை தருவது ஒன்றே ஒன்று. மற்ற மூன்றையும் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்தின் ஓட்டமும் அடுத்தடுத்த சிலிண்டர்களும் சேர்ந்து கடத்திவிடுகின்றன. இப்படி விட்டுவிட்டு வரும் தள்ளல்களின் சராசரிதான் நாம் அட்டவணையில் படிக்கும் டார்க்.

இந்த எண் சொல்வது ஒரு சுற்றுக்கு எவ்வளவு வேலை என்பதை மட்டுமே. ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை ஆர்பிஎம் சொல்கிறது. ஒரு மூட்டைக்கு என்ன கூலி என்று மட்டும் கேட்டுவிட்டு, எத்தனை மூட்டை தூக்கினார் என்று கேட்காமல் ஒருவருடைய வருமானத்தைச் சொல்லிவிட முடியாது. டார்க்கை மட்டும் பார்த்து வண்டியின் வலிமையைச் சொல்வதும் அப்படித்தான். இரண்டையும் பெருக்கினால் வருவதே திறன். நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைத்துவிடும். பிரேக் டைனமோமீட்டரில் இன்ஜினைப் பூட்டிச் சோதிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்: கருவி அளப்பது டார்க்கையும் சுழற்சி வேகத்தையும்தான், குதிரைத்திறன் அவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. ஆகவே ஒன்று இழுவைக்கு, மற்றொன்று வேகத்துக்கு என்று பாகப்பிரிவினை செய்ய அங்கே இரண்டு தனித்தனிச் சரக்குகள் இல்லை.

இனி அந்த மலைச்சாலைக்கு வருவோம். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார், பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில், போவதாகக் கொள்வோம். ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 1,470 நியூட்டன் விசை வேண்டும். டயர் உருளும் தடையையும் காற்றின் தடையையும் கூட்டினால் ஏறக்குறைய 1,800 நியூட்டன் ஆகும். டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர் என்றால் இந்த வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 637 முறை சுற்றும். டீசல் இன்ஜின் 2,000 ஆர்பிஎம்மில் 250 நியூட்டன் மீட்டர் தருகிறது. இன்ஜின் மூன்று சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்ற கியர் விகிதத்தில், சாலையை உந்தும் விசை சுமார் 2,600 நியூட்டன். கார் கஷ்டமே இல்லாமல் ஏறும். அதே விகிதத்தில், அதே 2,000 ஆர்பிஎம்மில், பெட்ரோல் இன்ஜின் 120 நியூட்டன் மீட்டர்தான் தரும் என்றால் கிடைப்பது 1,250 நியூட்டன். வேகம் குறைந்துகொண்டே வரும், வண்டி திணறும். மதிப்பீட்டாளர் கண்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஓட்டுநர் கியரை இறக்கி அதே பெட்ரோல் இன்ஜினை 4,000 ஆர்பிஎம்மில் சுற்றவிட்டால் என்ன ஆகும்? அங்கே அது 125 நியூட்டன் மீட்டர் தருவதாகக் கொள்வோம். இன்ஜின் இரு மடங்கு வேகமாகச் சுற்றுகிறது, சக்கரத்தின் வேகம் மாறவில்லை. எனவே கியர் பாக்ஸ் அந்த டார்க்கை முன்பைவிட இரு மடங்காகப் பெருக்கிக் கொடுக்கிறது. கணக்குப் போட்டால் சக்கரத்தில் அதே 2,600 நியூட்டன் நிற்கிறது. 250-ஐ 2,000-ஆல் பெருக்கினாலும் 125-ஐ 4,000-ஆல் பெருக்கினாலும் விடை ஒன்று, திறன் 52 கிலோவாட்டுக்குச் சற்று மேல். கியர்களிலும், சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலிலும் உராய்வால் ஒரு பங்கு போய்விடும் என்பது உண்மைதான். அந்த இழப்பு இரண்டு வண்டிக்கும் உண்டு. கியர் பாக்ஸால் டார்க்கைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்; திறனை ஒரு வாட்கூடக் கூட்ட முடியாது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதை முடிவு செய்வது அந்தக் கணத்தில் இன்ஜின் தரும் திறன்தான், அட்டவணையில் தனியே நிற்கும் டார்க் அல்ல.

டீசலை விரும்புகிறவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. டர்போசார்ஜர் காற்றை அழுத்தி உள்ளே செலுத்துவதால், இக்கால டீசல் இன்ஜின்கள் 2,000 ஆர்பிஎம்மை ஒட்டியே தம் முழு டார்க்கையும் கொடுத்துவிடுகின்றன. அடிக்கடி கியரை இறக்க வேண்டியதில்லை, இன்ஜின் இரைச்சலும் குறைவு. பாரம் ஏற்றிக்கொண்டு நாள் முழுவதும் ஓட்டுகிறவருக்கு இது சிறிய வசதி அல்ல. ஆனால் அது ஓட்டும் வசதியே தவிர, கூடுதல் வலிமை ஆகாது. டர்போ பொருத்திய பெட்ரோல் இன்ஜின்களும் இப்போது அதே வசதியைத் தருகின்றன என்பதால், எரிபொருளை வைத்து இந்தக் குணத்தைப் பிரிப்பதும் பழைய கதையாகிவிட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. உச்ச டார்க் கிடைக்கும் இடத்தைத் தாண்டினால் இன்ஜின் 'சோர்ந்துவிடும்' என்று பலர் நம்புகிறார்கள். 6,000 ஆர்பிஎம்மில் ஒரு ஸ்ட்ரோக்குக்குக் கிடைப்பது 5 மில்லி நொடிதான். அதற்குள் சிலிண்டர் முழுக்கக் காற்று நிரம்ப முடியாது, உராய்வும் கூடுகிறது, ஆகவே டார்க் இறங்குவது இயல்பு. ஆயினும் சுற்றுகள் கூடும் அளவுக்கு டார்க் இறங்காத வரை திறன் ஏறிக்கொண்டேதான் இருக்கும். 110 நியூட்டன் மீட்டராகக் குறைந்த பிறகும் 6,000-த்தில் அந்தப் பெட்ரோல் இன்ஜின் 69 கிலோவாட் தரும். டீசல் 4,000-த்தில் 165 நியூட்டன் மீட்டர் தந்தால் அதற்கும் அதே 69 கிலோவாட்தான். மாறாக, இன்ஜினை 1,200 ஆர்பிஎம்முக்கு இறங்கவிட்டு, மேல் கியரிலேயே ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி மேட்டில் ஏற்றுவதுதான் அதை வதைப்பது. கலவை தானே வெடித்து 'டக டக' என்று நாக் அடிப்பது அந்த நேரத்தில்தான். எரிபொருள் மிச்சம் என்று நினைத்து இப்படி ஓட்டுபவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

எனவே என் வேண்டுகோள் இது. டார்க்கையோ திறனையோ அச்சிடும்போது அது எந்த ஆர்பிஎம்மில் கிடைக்கிறது என்பதையும் பக்கத்திலேயே தாருங்கள். ஆர்பிஎம் இல்லாத எண் அரை எண். திறனை ஒரே அலகில் தாருங்கள்: ஒரு வண்டிக்கு பிஎச்பி (குதிரைத்திறன்), அடுத்ததற்கு பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்), மூன்றாவதற்குக் கிலோவாட் என்று போட்டால், 100 கிலோவாட் இன்ஜின் ஒன்றே 134 பிஎச்பி ஆகவும் 136 பிஎஸ் ஆகவும் மாறித் தெரிகிறது. மின்சார கார்களின் டார்க்கை இன்ஜின் கார்களின் டார்க்கோடு ஒரே வரிசையில் நிறுத்துவதையும் தவிர்க்கலாம். மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு டார்க்கைத் தருகிறது, பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு கியர் விகிதம்தான். முடிந்தால் அட்டவணையில் ஒரு வரி கூட்டி, ஒவ்வொரு கியரிலும் 1,000 ஆர்பிஎம்முக்கு வண்டி மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகும் என்பதையும் வெளியிடுங்கள். அந்த வரி இருந்தால், மேலே நான் போட்ட கணக்கை எந்த வண்டிக்கும் வாசகரே போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்