ஜார்ஜ் சத்திரம் மர மாடல்: வேலை முடிஞ்சதுக்கான கமிட்டி அறிக்கை

நம்ம வட்டத்து உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். லண்டன்ல தேம்ஸ் ஆத்துக்குத் தெக்கே சவுத்வார்க் பகுதியில இருக்கிற பழைய ஜார்ஜ் சத்திரத்தோட மாடல் வேலை முடிஞ்சிருச்சு. வாசிப்பு ரூம்ல ஜன்னலுக்கு எதிர் சுவர் ஓரமா மேஜை போட்டு, அக்ரிலிக் மூடியும் மாட்டி வெச்சாச்சு. வரவு செலவு கணக்கை ரசீதுகளோட பொருளாளர் தனியா அனுப்புறாங்க, அதனால பணக் கணக்கு இதுல இல்ல. என்ன செஞ்சோம், ஏன் அப்படிச் செஞ்சோம், அடித்தட்டுல யார் பேரைப் பொறிச்சோம், யார் பேரை விட்டோம்னு பணம் குடுத்தவங்க நிறைய பேரு கேட்டீங்க, அதுக்கு பதில் சொல்ல வேண்டியது கமிட்டியோட கடமை, அதுக்குத்தான் இந்த அறிக்கை.

இன்னும் நேர்ல பார்க்காதவங்களுக்காக மொதல்ல இடத்தைச் சொல்லிடறோம். லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷன்ல எறங்கி பரோ ஹை ஸ்ட்ரீட்ல தெக்கால நடந்தா இடது கைப் பக்கம் ஒரு வாசல் வரும், அதுக்குள்ள நுழைஞ்சா ஒரு முற்றம், முற்றத்துக்கு ஒரு பக்கமா நீளமான பழைய கட்டடம், மாடியில மரக் கைப்பிடி வெச்ச வராந்தா. அதான் ஜார்ஜ். லண்டன்ல இந்த மாதிரி வராந்தா வெச்ச கோச் வண்டி சத்திரம் (கோச்னா ஊர் விட்டு ஊர் ஆளுங்களை ஏத்திப் போற குதிரை வண்டி) இது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. ஒரு காலத்துல இந்தத் தெருவுல கிழக்குப் பக்கம் முழுக்க வரிசையா சத்திரம்தான், டபார்ட், ஒயிட் ஹார்ட், கிங்ஸ் ஹெட், குயின்ஸ் ஹெட்னு. ஏன் இங்க மட்டும் இவ்ளோன்னா, தேம்ஸ் ஆத்தைத் தாண்ட 1750ல வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்குற வரைக்கும் லண்டனோட நடுப் பகுதியில லண்டன் பிரிட்ஜ் ஒண்ணுதான் பாலம், ராத்திரியில பாலத்து கேட்டை மூடிடுவாங்க, கென்ட், சசெக்ஸ் பக்கத்துலேர்ந்து பொழுது சாஞ்சு வந்து சேர்ற ஆளும் குதிரையும் வண்டியும் விடியற வரைக்கும் தங்கித்தான் ஆகணும். தெருப் பக்கம் எடம் ரொம்ப கம்மி, அதனால ஒவ்வொரு சத்திரமும் குறுகலான வாசல் வெச்சு உள்ளுக்குள்ள நீளமா முற்றம் முற்றமா போகும், முன் முற்றத்துல ஆளுங்க தங்குற ரூமு, பின்னால குதிரை லாயம், சரக்கு வண்டி நிறுத்துற எடம். 1598ல ஜான் ஸ்டோங்கற வரலாற்று எழுத்தாளர் லண்டனைப் பத்தி எழுதினப்ப இந்தத் தெரு சத்திரங்களைப் பேர் சொல்லியே குறிச்சிருக்காரு, அதுல ஜார்ஜும் இருக்கு.

இந்த வேலையில ரொம்ப நேரம் பேசினது எந்த வருஷத்து ஜார்ஜை செய்யுறதுங்கற விஷயம்தான். இப்ப நிக்கிறதை அப்படியே செஞ்சா அளவுல சந்தேகமே வராது, நேர்ல போய் பார்த்துக்கலாம்னு பாதி பேரு சொன்னாங்க, அதுலயும் நியாயம் இருக்கு. ஆனா இப்ப இருக்கிறது தெற்குப் பக்கம் மட்டும்தான். முற்றத்தைச் சுத்தி மூணு பக்கமும் கட்டடம் இருந்துச்சு, கிரேட் நார்தர்ன் ரயில்வே 1889ல ரெண்டு பக்கத்தை இடிச்சு தன் சரக்கு வேலைக்கு எடுத்துக்கிச்சு. ஒத்தைப் பக்கத்தை மட்டும் செஞ்சு வெச்சா, முற்றம்னா என்னன்னே பார்க்கிறவங்களுக்குப் புரியாது, மாடி வராந்தாவுல நிக்கிற ஆளு எதிர் வராந்தாவுல நிக்கிற ஆளைப் பார்க்கிற அந்த அமைப்புதானே சத்திரத்தோட உயிரே. கடைசியில முழு முற்றமும் செய்யறதுன்னு முடிவாச்சு, ஆனா இன்னைக்கும் நிக்கிற தெற்குப் பக்கத்துக்கு மட்டும் பெயின்ட், இடிச்சுப் போட்ட பகுதி எல்லாம் வெறும் மரமாவே விட்டிருக்கோம். எது இருக்கு, எது போச்சுன்னு கிட்ட வந்து படிக்காமலே தெரியணும். வெறும் மரத்தைப் பார்த்துட்டு "வேலை பாதியில நிக்குதா?"ன்னு சிலர் கேட்டாங்க, இல்ல, அது வேணும்னே விட்டது.

இடிச்ச பகுதியை எதை வெச்சு செஞ்சீங்கன்னு கேட்டவங்களுக்கு: 1875ல ஆக்ஸ்ஃபோர்ட் ஆர்ம்ஸ்னு இன்னொரு பழைய சத்திரத்தை இடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும், அது போறதுக்குள்ள போட்டோவாவது எடுத்து வெச்சிருவோம்னு கொஞ்ச பேரு சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, பழைய லண்டனோட மிச்சங்களைப் படம் எடுக்கிற சங்கம். சில வருஷம் கழிச்சு அவங்க சவுத்வார்க் பக்கம் வந்து ஹென்றி டிக்ஸன்கிற போட்டோகிராஃபரை வெச்சு இந்தத் தெரு சத்திரங்களையும் எடுத்தாங்க, ஜார்ஜ் உள்பட. அந்தப் படங்க கார்பன் பிரின்ட், மங்காது, கைப்பிடிக் கம்பத்தோட கடைசல் வரைக்கும் தெளிவா தெரியுது. கட்டடத்தைக் காப்பாத்த முடியாதவங்க படத்தையாவது காப்பாத்தினாங்க, அவங்க இல்லன்னா நம்ம மாடல்ல பாதி வெறும் ஊகமா போயிருக்கும்.

செஞ்ச விதம் சுருக்கமா: அம்பதுக்கு ஒண்ணு அளவு, அடியில பிளைவுட், சுவருக்கு மெலிசு மரத்தகடு, கைப்பிடிக் கம்பம் எல்லாம் ஒவ்வொண்ணா கையால கடைஞ்சது. அதைக் கடைஞ்சு குடுத்தது நம்ம உறுப்பினர் ஒருத்தரோட அப்பா, ஊர்ல தச்சு வேலை பார்த்தவர், எழுபதைத் தாண்டினவர், கூலி வேண்டாம்னுட்டாரு. கமிட்டி சார்பா அந்த ஐயாவுக்கு மனசார நன்றி. ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் வாங்கின பிளாஸ்டிக் ஷீட்டு.

இனி பேர் விஷயம். அடித்தட்டுல யார் பேர் வரணும்னு கேட்டப்ப, சொந்தக்காரங்க பேரைப் போடலாம்னு தான் மொதல்ல எல்லாருக்கும் தோணுச்சு, பத்திரத்துல இருக்கிறது அந்தப் பேருங்கதானே. 16ஆம் நூற்றாண்டு நடுவுல ஹம்ஃப்ரி காலெட்னு ஒருத்தர் வெச்சிருந்தாரு, சவுத்வார்க்குக்கு எம்.பி.யாவும் இருந்தாரு. ஆனா படிக்கப் படிக்க ஒண்ணு தெளிவாச்சு, இந்தக் கட்டடம் நின்னது சொந்தக்காரங்களால இல்ல, வாடகைக்கு எடுத்து நடத்தினவங்களால. 1670ல ஒரு தீ, அதுல கொஞ்சம் போச்சு. ஆறு வருஷம் கழிச்சு 1676 மே 26ஆம் தேதி பெரிய தீ, 1666 லண்டன் பெருந்தீயில தப்பிச்ச சவுத்வார்க் பத்தே வருஷத்துல தன் பங்குக்கு எரிஞ்சுது, சுமார் 500 வீடு, டபார்டும் போச்சு, ஜார்ஜும் தரைமட்டம். அப்ப நடத்திட்டு இருந்தவர் மார்க் வேலண்ட். வாடகைக்கு இருக்கிற ஆளு, மொத தீயிலயே அடி வாங்கினவர், ரெண்டாவது தடவை எல்லாம் சாம்பல். இந்த மாதிரி வழக்குங்களை எல்லாம் தீர்க்கவே தனியா ஒரு தீ கோர்ட் வெச்சாங்க, கட்டடத்தைத் திருப்பிக் கட்டுற செலவு குத்தகைக்காரர் தலையில, அதுக்கு ஈடா வாடகையைக் குறைச்சு குத்தகைக் காலத்தை நீட்டிக் குடுத்தாங்க, வருஷ வாடகையோட ஒரு சர்க்கரைக் கூம்பும் (கூம்பு மாதிரி இறுக்கி வார்த்த சர்க்கரைக் கட்டி) சேர்த்துக் குடுக்கணும்னு இருக்கு. அடுத்த வருஷமே, 1677ல, இப்ப நாம பார்க்கிற கட்டடம் எழும்பிருச்சு. அதனால பட்டியல்ல மொத பேர் வேலண்ட்.

அப்புறம் கோச் வண்டிக் காலம், அப்ப நடத்தினவர் வெஸ்டர்மன் ஸ்கோல்ஃபீல்ட், அவர் இறந்தப்புறம் அவரோட மனைவி ஃபிரான்சஸ் 1859 வரைக்கும் கட்டிக் காப்பாத்தினாங்க. அந்தம்மா இருந்த காலத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க: 1836ல லண்டன் பிரிட்ஜ்ல ரயில் வந்துருச்சு, நடந்தே போற தூரம், டோவருக்கும் கேன்டர்பரிக்கும் போற ஆளுங்க எல்லாம் ரயிலேறிட்டாங்க, கோச் தொழில் கண்ணு முன்னாலயே படுத்துச்சு. பக்கத்துத் தெருவுல இருந்த கைஸ் ஆஸ்பத்திரி 1849ல சத்திரத்து இடத்தை வாங்கிருச்சு. இத்தனைக்கும் நடுவுல அந்தம்மா கதவை மூடல. கென்ட்லேர்ந்து ஹாப்ஸ் மூட்டை வந்து எறங்குற வட்டாரம் இது, பீருக்குப் போடுற அந்த ஹாப்ஸ் வியாபாரம்தான் பரோவுக்குச் சோறு போட்டுச்சு, வியாபாரிங்களுக்கு சாப்பிடவும் பேசவும் ஒரு இடம் வேணும்ல.

1874ல ஆஸ்பத்திரிகிட்டேர்ந்து ரயில்வே கைக்கு மாறுச்சு. கிரேட் நார்தர்ன்னு பேர்லயே வடக்கு இருக்கு, அவங்க ஸ்டேஷன் ஆத்துக்கு வடக்கே கிங்ஸ் கிராஸ்ல, தெற்கே இதை எதுக்கு வாங்கினாங்கன்னு நமக்கும் தோணுச்சு, சரக்கு சேர்த்து வெச்சு அனுப்ப ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டெப்போ வேணும், அதுக்குத்தான். பெரிய முற்றம், வண்டி திருப்ப இடம், லாயம் எல்லாம் ரெடியா இருந்துச்சு. சத்திரமா நல்லா அமைஞ்ச இடம்கிறதே அதுக்கு எமனா வந்துச்சு.

மிச்சம் நின்ன ஒத்தைப் பக்கத்தைப் பார்த்துக்கிட்டது அமீலியா முர்ரே, அவங்களுக்கு அப்புறம் மக ஆக்னஸ் முர்ரே. ஆக்னஸ் அம்மா 1934ல சாகுற வரைக்கும் அங்கயே இருந்தாங்க. பழைய சாமான்களைத் தூக்கிப் போடாம, தடுப்புகளை இடிச்சு நவீனம் பண்ணாம, உள்ளதை உள்ளபடியே வெச்சு நடத்தினதாலதான் மூணு வருஷம் கழிச்சு, 1937ல, கிரேட் நார்தர்னுக்கு அடுத்து வந்த எல்.என்.இ.ஆர். ரயில்வே இதை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் ட்ரஸ்டுக்குக் குடுத்தப்ப குடுக்கறதுக்கு ஏதோ இருந்துச்சு. வாடகைக்கு இருந்த அம்மாவும் பொண்ணும் செஞ்ச காரியம் இது. அவங்க ரெண்டு பேரோட பேரும் வேலண்ட் பேர் அளவுக்கே பெரிய எழுத்துல பொறிச்சிருக்கோம். சொந்தக்காரங்க எல்லாரும் பின்பக்கத் தகட்டுல சின்ன எழுத்துல இருக்காங்க. இதுல கமிட்டிக்குள்ள மாற்றுக் கருத்தே வரல.

ஷேக்ஸ்பியர் பொம்மை ஒண்ணை முற்றத்துல வைக்கலாமேன்னு கேட்டாங்க. வைக்கல. அவர் இந்த ஏரியாவுல வாழ்ந்த, நடமாடின மனுஷன்தான், பழைய ஜார்ஜ் அவர் கண்ணுல பட்டிருக்கலாம், ஆனா நாம செஞ்சிருக்கிற கட்டடம் 1677ல எழுந்தது, அவர் 1616லயே போயிட்டாரு. இங்க அவர் நாடகத்தைப் பிற்காலத்துல நடத்தினாங்க, அது வேற விஷயம். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் விஷயம் அப்படி இல்ல, அவர் இங்க வந்து போனவர், காபி ரூம்ல உக்காந்தவர், அதனால காபி ரூம் ஜன்னல் பக்கத்துல ஒரு நாற்காலி மட்டும் போட்டிருக்கோம்.

குழந்தைங்க ரொம்ப ஆசையா கேட்டது சுவர்க் கடிகாரத்தை. ஜார்ஜ்ல பெரிய முகம் வெச்ச கடிகாரம் ஒண்ணு இருக்கு, அந்த வகையை பார்லிமென்ட் கடிகாரம்னு சொல்றாங்க. 1797ல பிரதமர் பிட் கடிகாரத்துக்கு வரி போட்டாரு, ஜனங்க கடிகாரம் வாங்கறதையே விட்டுட்டாங்க, சத்திரத்துல பெருசா ஒண்ணு மாட்டி வெச்சு எல்லாரும் அதைப் பார்த்துக்கிட்டாங்கன்னு கதை. வரி உண்மை, அடுத்த வருஷமே அதை எடுத்ததும் உண்மை, ஆனா இந்த மாதிரி கடிகாரம் வரிக்கு ரொம்ப முன்னாடியே சத்திரங்கள்ல இருந்துச்சு, நேரம் பார்த்துக் கிளம்புற கோச்சுக்கு அது வேணும். மாடல்ல கீழ்த்தளத்துக் கதவைத் திறந்தா உள்ள தெரியுற மாதிரி சின்னதா வெச்சிருக்கோம், பெரியவங்க துணையோட திறந்து காட்டுங்க, கீல் ரொம்ப மெலிசு.

நடைமுறை விஷயம் ரெண்டு மூணு. மூடியோட சாவி செயலாளர்கிட்ட ஒண்ணு, ரூம் பொறுப்பாளர்கிட்ட ஒண்ணு. ஈரத் துணி போட்டுத் துடைக்காதீங்க, வெறும் மரப் பகுதி கறை பிடிக்கும், பிரஷ் மூடிக்குப் பக்கத்துலயே தொங்குது. வெயில் நேரா படாத மாதிரி திரை போடுற வேலை மட்டும் பாக்கி, துணி வாங்கியாச்சு, தைக்கணும். மிச்சப்பட்ட மரத்தையும் பணத்தையும் வெச்சு பக்கத்துல ஒயிட் ஹார்ட் முற்றத்தையும் செய்யலாம்னு ஒரு யோசனை வந்திருக்கு, அதுவும் 1889லதான் போச்சு, அதுக்கும் அந்த சங்கத்துப் போட்டோ இருக்கு. அடுத்த பொதுக்குழுவுல இதை எடுக்கிறோம், வேணாம்னு நினைக்கிறவங்களும் கண்டிப்பா வந்து சொல்லுங்க. அதுக்கு முன்னால யார்கிட்டயாவது பரோ ஹை ஸ்ட்ரீட்டோட பழைய பிக்சர் போஸ்ட்கார்டு இருந்தா, முக்கியமா ஜார்ஜோட வடக்குப் பக்கத்துக் கூரை தெரியுற படம், ஸ்கேன் பண்ணி செயலாளருக்கு அனுப்பி வைங்க.